டப்பாவில் இரண்டு பெயர், உள்ளே ஒரே மருந்து

கேள்வி:

ஐயா, வணக்கம். கருங்கல் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். அம்மாவுக்கு 67 வயது. பிரஷர், சுகர், கொழுப்பு, தைராய்டு என்று எல்லாவற்றுக்கும் மாத்திரை உண்டு. அப்பாவுக்கு 71. ரப்பர் பால் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தவர். 11 வருடத்துக்கு முன்பு திருவனந்தபுரத்தில் இதய வால்வு மாற்றினார்கள். அன்றிலிருந்து ரத்தம் உறையாமலிருக்க அசிட்ரோம் சாப்பிடுகிறார்.

அம்மாவின் மருந்துக்கு மட்டும் மாதம் 750 ரூபாய் வரை ஆகிக்கொண்டிருந்தது. ஐந்து வாரத்துக்கு முன்பு மார்த்தாண்டத்தில் மத்திய அரசின் மக்கள் மருந்தகத்தில் வாங்கினேன். 230 ரூபாயில் முடிந்தது. குவைத்தில் இருக்கும் அண்ணனிடம் சொன்னதும், "காசு மிச்சம் பிடிக்க அம்மையை வச்சா பாக்கணும்? ஒரிஜினல் கம்பெனி மருந்தே வாங்கு" என்று சத்தம் போட்டார். இப்போது எனக்கும் பயமாக இருக்கிறது. காலையில் எழுந்து நிற்கும்போது அம்மாவுக்குத் தலை சுற்றுகிறது. மலத்தில் மாத்திரை முழுசாக அப்படியே போகிறதாம். "இந்த மருந்து எனக்குக் கேக்காது" என்கிறார். டப்பாவில் இப்போது இருப்பவை: டெல்மா 40, டெல்மிசார்டன் 40, மெட்ஃபார்மின் எஸ்ஆர் 500, அட்டோர்வாஸ்டாட்டின் 10, தைராய்டு மாத்திரை ஒரு குப்பி. விலை குறைந்த ஜெனரிக் மருந்து நிஜமாகவே பிராண்ட் மருந்துக்குச் சமம்தானா? அப்பாவின் மருந்தையும் மாற்றலாமா?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் பெரிய கேள்விக்குப் போகும் முன்னால் ஒரு வேலை இருக்கிறது. இதைப் படித்துக்கொண்டிருக்கும்போதே எழுந்துபோய் அம்மாவின் டப்பாவைத் திறங்கள். டெல்மா 40 அட்டையையும் டெல்மிசார்டன் 40 அட்டையையும் எடுத்து ஒன்றன்பக்கத்தில் ஒன்றாக வையுங்கள். இரண்டும் ஒரே மருந்து. டெல்மா என்பது ஒரு கம்பெனி வைத்த பெயர். டெல்மிசார்டன் என்பது உள்ளே இருக்கும் மருந்தின் பெயர். டெல்மா அட்டையைத் திருப்பிப் பார்த்தால் அதிலும் டெல்மிசார்டன் என்று அச்சடித்திருக்கும். ஒரே ஒரு மருந்து உள்ள அட்டைகளில் மருந்தின் பெயர் கம்பெனி வைத்த பெயரைவிடப் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும் என்று 2018-இல் விதியே வந்தது. ஆனால் அந்தப் பெரிய எழுத்தும் ஆங்கிலத்தில்தான் இருக்கிறது. அம்மாவுக்கு அது என்ன உதவி?

பழைய அட்டை தீரவில்லை, புது அட்டையும் வந்தது, அம்மா இரண்டையும் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார் என்றுதான் உங்கள் பட்டியலைப் பார்த்ததும் எனக்குத் தோன்றியது. அப்படியானால் நாளுக்கு 40 மில்லிகிராம் போக வேண்டிய இடத்தில் 80 போகிறது. தேவைப்படுகிறவர்களுக்கு டாக்டர்கள் 80 எழுதுவதும் உண்டு, அதனால் பதற வேண்டாம். ஆனால் அம்மாவுக்கு அதை யாரும் எழுதவில்லை. 67 வயதில் படுக்கையிலிருந்து எழுந்து நிற்கையில் தலை சுற்றுவதற்கு அது போதுமான காரணம். அம்மாவிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு, இரண்டில் ஒன்றை இன்றே டப்பாவைவிட்டு வெளியே எடுத்துவிடுங்கள். ஒரு வாரம் காலையில் பிரஷர் பாருங்கள், உட்கார்ந்தபடி ஒருமுறை, எழுந்து நின்று ஒருமுறை. டாக்டரிடம் நடந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். இரட்டை அளவு ஐந்து வாரம் போயிருந்தால் சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று அறிய அவர் கிரியேட்டினின், பொட்டாசியம் என்ற ரத்தப் பரிசோதனைகளைப் பார்க்கச் சொல்லலாம். அம்மா எங்காவது மயங்கி விழுந்திருந்தால் ஒரு வாரம் காத்திருக்க வேண்டாம், உடனே கூட்டிப் போங்கள்.

31 வருடம் அரசு மருத்துவமனை மருந்தகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் நின்றவன் நான். தரம் கெட்ட மாத்திரையால் வந்த தொல்லையைவிட, ஒரே மருந்து இரண்டு பெயரில் வீட்டுக்குள் வந்ததால் ஏற்பட்ட தொல்லையைத்தான் அதிகம் பார்த்திருக்கிறேன். திருவட்டாறு பக்கத்துப் பெரியவர் ஒருவரை விடியற்காலையில் நினைவில்லாமல் தூக்கி வந்தார்கள். சுகர் மிகவும் இறங்கியிருந்தது. அவர் மனைவி மடியில் கட்டிக்கொண்டு வந்த மருந்துகளில் சுகரைக் குறைக்கும் கிளிமிபிரைடு இரண்டு கம்பெனிப் பெயர்களில் இருந்தது. "டாக்டர் புதுசா ஒரு மருந்து கூட்டித் தந்தாரு" என்றுதான் அந்த அம்மா நினைத்திருந்தார். டாக்டர் கூட்டவில்லை, பெயர்தான் மாறியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றிப் பிழைத்துக்கொண்டார். அன்றிலிருந்து, மருந்து மாறிப்போகிற ஒவ்வொருவரிடமும் "பழையதைக் கொண்டு வந்து காட்டு" என்று கேட்பது எனக்குப் பழக்கமாகிவிட்டது.

அடுத்தது மலத்தில் போகும் மாத்திரை. அது மெட்ஃபார்மின் எஸ்ஆர் மாத்திரையின் கூடு. எஸ்ஆர் என்றால் மருந்தை மெதுவாக, பல மணிநேரம் விட்டுவிட்டுத் தருகிற மாத்திரை. மருந்தைப் பிடித்து வைத்திருக்கும் பொருள் குடலில் கரையாது. மருந்து கசிந்து போனபின் அது மட்டும் வெளியே வரும். தேங்காயைப் பிழிந்து பாலெடுத்தபின் சக்கை மிஞ்சுவதுபோல. பால் எல்லாம் உள்ளே போய்விட்டது என்று அம்மாவிடம் சொல்லுங்கள். பழைய கம்பெனி மாத்திரையின் கூடும் இப்படி வந்திருக்கலாம், அப்போது யாரும் கவனித்திருக்க மாட்டார்கள். சந்தேகம் வந்தபிறகுதான் நாம் பார்க்கத் தொடங்குகிறோம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பழையது எஸ்ஆர் என்றால் புதியதும் எஸ்ஆர் ஆகவே இருக்க வேண்டும். சில அட்டைகளில் எக்ஸ்ஆர், பிஆர் என்றும் இருக்கும், வேலை ஒன்றுதான். சாதாரண மெட்ஃபார்மினை எஸ்ஆருக்குப் பதிலாக வாங்கிவிடக் கூடாது. எஸ்ஆர் மாத்திரையை இடித்தோ கடித்தோ சாப்பிடவும் கூடாது.

இனி உங்கள் அண்ணன் சொன்ன "ஒரிஜினல்" பற்றி. அவர் அம்மாமேல் உள்ள பாசத்தில் சொன்னது, அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் அம்மா இத்தனை வருடம் சாப்பிட்டதும் ஒரிஜினல் இல்லை என்பது அவருக்குத் தெரியாது. டெல்மிசார்டனின் அசல் பிராண்ட் மைகார்டிஸ், ஜெர்மனியின் போரிங்கர் இங்கல்ஹைம் கம்பெனியுடையது. அட்டோர்வாஸ்டாட்டினின் அசல் பிராண்ட் ஃபைசர் விற்றுவந்த லிப்பிட்டார். அண்ணன் குவைத்தில் மருந்துக் கடைக்குப் போனால் இவற்றைப் பார்த்திருக்கக்கூடும். மார்த்தாண்டத்திலும் நாகர்கோவிலிலும் நாம் 'கம்பெனி மருந்து' என்று வாங்குவதில் பெரும்பங்கு ஜெனரிக்தான், அதாவது அசல் கம்பெனி அல்லாத மற்ற கம்பெனிகள் செய்யும் அதே மருந்துதான், மேலே ஒரு பெயர் சூட்டியிருக்கிறார்கள் அவ்வளவே. நம் நாட்டின் 1970-ஆம் வருடக் காப்புரிமைச் சட்டம் மருந்துப் பொருளுக்குக் காப்புரிமை இல்லை, தயாரிக்கும் முறைக்குத்தான் என்று வைத்தது. அது 1972-இல் நடைமுறைக்கு வந்து 2005 வரை நீடித்தது. அந்த 33 வருடத்தில்தான் நம் கம்பெனிகள் வேறு முறையில் அதே மருந்துகளைச் செய்து ஆளுக்கொரு பெயரில் விற்றுப் பெரிதாக வளர்ந்தன. ஆக உங்கள் வீட்டில் நடந்தது ஒரு ஜெனரிக்கிலிருந்து இன்னொரு ஜெனரிக்குக்கு மாறியதுதான். ஒன்றுக்குச் சூட்டிய பெயர் உண்டு, மற்றதற்கு இல்லை.

பிறகு ஏன் விலையில் இவ்வளவு வித்தியாசம்? டாக்டரைப் பார்க்கப் பையோடு காத்திருக்கும் பிரதிநிதிகளின் சம்பளம், விளம்பரம், இடையில் கைமாறும் லாபம் எல்லாம் அந்தப் பெயருக்குள் இருக்கிறது. மக்கள் மருந்தகத்தில் அவை இல்லை. ஆனால் ஒன்றில் ஏமாந்துவிடாதீர்கள். சாதாரண மெடிக்கல் கடைகளிலும் ஜெனரிக் என்று சொல்லி விற்கும் மாத்திரைகள் உண்டு. கடைக்காரருக்கு அது மிகக் குறைவான விலைக்கு வரும், அட்டையில் அச்சடித்த விலையோ பிராண்ட் மருந்துக்குப் பக்கத்தில் நிற்கும். லாபம் உங்களுக்கு வராது. அங்கே வாங்கினால் அட்டையில் உள்ள விலையைப் பாருங்கள்.

சமமா என்று எப்படி அறிகிறார்கள்? ஆரோக்கியமான சில பத்துப் பேருக்கு ஒரு தடவை அசல் மருந்தையும் இன்னொரு தடவை ஜெனரிக்கையும் கொடுத்து, மணிக்கணக்கில் ரத்தம் எடுத்து, மருந்து எவ்வளவு சேர்கிறது, எவ்வளவு உயரம் ஏறுகிறது என்று அளப்பார்கள். அசலை 100 என்று வைத்தால் ஜெனரிக் 80-க்கும் 125-க்கும் நடுவில் நிற்க வேண்டும். இதைக் கேட்டதும் பலர், "அப்போ 20 சதவீதம் மருந்தைக் குறைச்சுப் போடலாமா" என்று கேட்கிறார்கள். அப்படி இல்லை. சராசரி மட்டுமல்ல, அந்தச் சராசரியில் இருக்கக்கூடிய பிழையின் எல்லை முழுவதுமே 80-க்கும் 125-க்கும் உள்ளே அடங்க வேண்டும். சராசரி நூறைவிட்டு ரொம்ப விலகினால் ஒரு ஓரம் வெளியே போய்விடும், மருந்து தோற்றுவிடும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1996 முதல் 2007 வரை தன்னிடம் வந்த 2,070 சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தபோது, உடம்பில் சேரும் மருந்தில் அசலுக்கும் ஜெனரிக்குக்கும் சராசரி வித்தியாசம் 3.56 சதவீதம்தான் இருந்தது. அம்மாவின் பிரஷர் மாத்திரைக்கோ கொழுப்பு மாத்திரைக்கோ இது ஒரு பொருட்டே இல்லை.

இது அமெரிக்கக் கதை, இங்கே எப்படி என்று நீங்கள் கேட்க வேண்டும், கேட்பதுதான் நியாயம். நம் நாட்டில் ஒரு மருந்து முதலில் அனுமதி பெற்று நான்கு வருடம் ஆகிவிட்டால், பிறகு வரும் கம்பெனிகள் இந்த ரத்தச் சோதனை இல்லாமலே மாநில லைசென்ஸ் வாங்கலாம் என்ற நிலை ரொம்பக் காலம் இருந்தது. தண்ணீரில் எளிதில் கரையாத மருந்துகளுக்குச் சோதனை கட்டாயம் என்று 2017 ஏப்ரலில்தான் விதி வந்தது. டெல்மிசார்டனும் அட்டோர்வாஸ்டாட்டினும் அந்த இனத்தில் சேரும். அதற்கு முன்பே சந்தைக்கு வந்தவற்றில் சோதனை செய்தவையும் உண்டு, செய்யாதவையும் உண்டு. இதில் பெயர் சூட்டியது, சூட்டாதது என்ற பாகுபாடு இல்லை. இதை எழுதும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. உலகத்துக்கே மருந்து செய்து அனுப்புகிற நாடு தன் மக்களுக்கு இதைச் செய்ய இவ்வளவு தாமதித்திருக்க வேண்டாம்.

தரக்குறைவும் நிஜம்தான். 2014-16இல் மத்திய அரசு நாடு முழுக்க 47,000-க்கு மேல் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. மொத்தத்தில் தரம் தவறியவை 3.16 சதவீதம் என்று அந்த அறிக்கை கணித்தது. அரசு விநியோகத்தில் எடுத்தவற்றில் அது 10 சதவீதத்தைத் தொட்டது. நான் அரசு மருந்தகத்தில் வேலை பார்த்தவன் என்பதற்காக இதை உங்களிடம் மறைக்க மாட்டேன். அது நாடு முழுவதற்குமான கணக்கு. தமிழ்நாட்டில் 1994-இல் தொடங்கிய மருத்துவப் பணிகள் கழகம் மருந்துகளை வாங்கி, மாதிரியைப் பரிசோதனைக்கு அனுப்பி, தேறியதைத்தான் மருத்துவமனைகளுக்கு விடுகிறது. ஆசாரிபள்ளம் அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரையும், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் வீடு தேடி வரும் பிரஷர், சுகர் மாத்திரையும் அந்த வழியில் வருபவை. "கவர்மெண்ட் மாத்திரை கேக்காது" என்று சொல்லி வாங்கிய மாத்திரையைக் குப்பையில் போட்டவர்களை எனக்குத் தெரியும். பக்கவாதம் வந்தபிறகு அவர்களைப் பார்த்ததும் உண்டு. அவர்களுக்கு மருந்து கேட்காமல் போகவில்லை, வயிற்றுக்குள் போகவே இல்லை. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்பு மாதாமாதம் வெளியிடும் தரம் தவறிய மருந்துப் பட்டியலில் பெரிய கம்பெனிகளின் மருந்துகளும் இடம்பெற்றிருக்கின்றன. விலை கூடிய அட்டை வாங்கினால் அந்த அபாயத்திலிருந்து தப்பிவிடலாம் என்று யாரும் உங்களுக்கு உறுதி தர முடியாது.

ஆகவே அம்மாவுக்கு என் பதில் இது. பிரஷர், கொழுப்பு, சுகர் மாத்திரைகளை நீங்கள் தாராளமாக மக்கள் மருந்தகத்திலோ, 2025 பிப்ரவரியில் தமிழக அரசு தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ வாங்கலாம். கேட்கிறதா இல்லையா என்று மாத்திரையின் நிறத்தைப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம், அளந்து பாருங்கள். பிரஷர் இரண்டு வாரத்தில் சொல்லிவிடும். கொழுப்புக்கு இரண்டு மாதம் கழித்து ஒரு ரத்தப் பரிசோதனை. சுகருக்கு மூன்று மாதச் சராசரி பார்க்கும் பரிசோதனை. எண்கள் முன்பு இருந்ததுபோலவே இருந்தால் அந்தத் தாளை அண்ணனுக்குப் போனில் படம் எடுத்து அனுப்புங்கள். எண் ஏறியிருந்தால் டாக்டரிடம் காட்டுங்கள். அப்போது மருந்தை மாற்றுவது நியாயம்.

டாக்டரிடம் போகும்போது இன்னொன்றும் கேளுங்கள். சீட்டில் மருந்தின் அடிப்படைப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். டாக்டர் சீட்டு இருந்தால்தான் விற்க வேண்டிய இந்த வகை மருந்துகளுக்குச் சீட்டில் ஒரு கம்பெனிப் பெயர் இருந்தால், உள்ளே இருப்பது ஒன்றேயானாலும் வேறு பெயர் மருந்தை எடுத்துத் தர மருந்தாளுநருக்குச் சட்டம் இடம் தருவதில்லை. பலர் கடைக்காரரிடம் சண்டை போடுவது இது தெரியாமல்தான். டாக்டரிடம் கேட்கக் கூச்சப்படாதீர்கள். "விலை தாங்கல டாக்டர், ஜெனரிக் எழுத முடியுமா" என்றால் பெரும்பாலானவர்கள் எழுதித் தருவார்கள்.

அம்மாவின் தைராய்டு மாத்திரையை மட்டும் தனியாக வையுங்கள். அதில் இருக்கும் லெவோதைராக்சின் மைக்ரோகிராம் கணக்கில் வேலை செய்யும் மருந்து. அதில் சிறு ஏற்ற இறக்கமும் டிஎஸ்ஹெச் என்ற தைராய்டு ரத்தப் பரிசோதனை எண்ணில் தெரியும். குப்பியின் கம்பெனியை மாற்றவில்லை என்றால் அப்படியே விடுங்கள். மாற்றிவிட்டீர்கள் என்றாலும் பயமில்லை, புதியதையே தொடர்ந்து ஆறு முதல் எட்டு வாரத்தில் டிஎஸ்ஹெச் பாருங்கள். மாதம் ஒரு கம்பெனி என்று மாறி மாறி வாங்குவதுதான் கூடாதது. வெறும் வயிற்றில் தண்ணீரோடு சாப்பிட்டு, காப்பிக்கு அரை மணிநேரமாவது விடச் சொல்லுங்கள். குப்பியை அடுப்பங்கரையில் வைக்க வேண்டாம்.

வைப்பதைப் பற்றிச் சொல்லும்போது நினைவு வருகிறது. நம் மாவட்டத்துக்கு ஜூனிலும் மழை, அக்டோபரிலும் மழை. வருடத்தில் பாதி நாள் வீட்டுக்குள் ஈரக்காற்று. டெல்மிசார்டன் ஈரத்தை இழுத்துக்கொள்கிற மருந்து. அதனால்தான் இரண்டு பக்கமும் அலுமினியம் போட்ட அட்டையில் வருகிறது. ஞாயிறு, திங்கள் என்று அறை பிரித்த டப்பாவில் ஒரு வாரத்துக்குப் பிரித்துப் போட்டு வைக்கும் பிள்ளைகள் நல்ல எண்ணத்தில்தான் செய்கிறார்கள். ஆனால் இந்த மாத்திரையைச் சாப்பிடும் நேரத்தில்தான் அட்டையிலிருந்து எடுக்க வேண்டும். வேண்டுமானால் அட்டையோடு கத்தரித்து அந்த அறையில் போடுங்கள்.

அப்பா விஷயம் முற்றிலும் வேறு. பால் வெட்டுக்குப் போனவர் அவர், அவருக்குச் சொன்னால் உடனே புரியும். கத்தி பட்டையில் போதுமான ஆழம் போகாவிட்டால் பால் வராது, ஒரு நூல் கூடினால் மரத்தில் காயம் விழும். அசிட்ரோமின் அளவும் அப்படித்தான். குறைந்தால் வால்வில் ரத்தம் கட்டும், கூடினால் உள்ளே எங்காவது ரத்தம் கசியும். இரண்டுக்கும் நடுவில் உள்ள இடம் குறுகலானது. வலிப்பு மாத்திரைகளில் சிலவும் இந்த இனம்தான். 1968-இல் ஆஸ்திரேலியாவில் பினிடாயின் என்ற வலிப்பு மருந்தின் கேப்சூலில், மருந்தின் அளவை மாற்றாமல், கூடச் சேர்க்கும் வெள்ளைப் பொடியை மட்டும் மாற்றினார்கள். கால்சியம் சல்ஃபேட் இருந்த இடத்தில் லாக்டோஸ் வந்தது. பழைய பொடி மருந்தைக் குடல் முழுதாக உறிஞ்சவிடாமல் தடுத்துக்கொண்டிருந்திருக்கிறது. தடை போனதும் அதே கேப்சூலில் மருந்து அதிகமாக ரத்தத்தில் ஏறி, நோயாளிகள் நடை தள்ளாடி மருத்துவமனைக்கு வந்தார்கள். இப்படிப்பட்ட மருந்துகளுக்கு, மாத்திரையில் எவ்வளவு இருக்கிறது என்பதைவிட உடம்பில் எவ்வளவு சேர்கிறது என்பதுதான் கணக்கு.

அதனால் அப்பாவின் அசிட்ரோமை நீங்களாக மாற்றாதீர்கள். அதற்கு ஜெனரிக் கெட்டது என்று அர்த்தமில்லை. 11 வருடமாக அந்த மாத்திரையை வைத்து, ரத்தம் சோதித்துச் சோதித்து அவருக்கென்று ஓர் அளவைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அந்த உழைப்பைச் சில ரூபாய்க்காகக் கலைக்க வேண்டாம். கடையில் அது இல்லை என்று வேறு கம்பெனியுடையதைத் தந்தாலும், வாங்கும் முன் திருவனந்தபுரத்து டாக்டரிடமோ இங்குள்ள டாக்டரிடமோ போனில் கேளுங்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் ஒரு வாரத்துக்குள் ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறையும் வேகத்தைக் காட்டும் பரிசோதனை, பார்த்துவிட வேண்டும். மாத்திரை தீருவதற்குப் பத்து நாள் முன்பே வாங்கி வைத்தால் இந்தச் சிக்கலே வராது. மூட்டு வலிக்கு என்று கடையில் சொல்லி மாத்திரை வாங்கிச் சாப்பிடும் வழக்கம் அப்பாவுக்கு இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அசிட்ரோமோடு அந்த வலி மாத்திரைகள் சேர்ந்தால் ரத்தக் கசிவு வரலாம்.

அப்பாவின் ஐஎன்ஆர் எவ்வளவு என்று உங்கள் கடிதத்தில் இல்லை. அவருடைய பரிசோதனைப் புத்தகத்தைப் புரட்டி, கடைசியாகப் பார்த்த தேதியைப் பாருங்கள். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தால் இந்த வாரமே ரத்தம் கொடுத்துவிட்டு, எண்ணை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். அம்மாவின் பிரஷர் ஒரு வாரத்தில் எப்படி இருக்கிறது என்று எனக்கும் எழுதுங்கள்.